பதினோரு மணி கிரீஸ்

ரத்தம் கறுப்பாக இருந்தது.

அதனால்தான் முதலில் பார்த்தவனுக்கு அது ரத்தம் என்றே உறைக்கவில்லை. டயர் தொழிற்சாலையின் கழிப்பறையில் கறுப்பாக எது கொட்டிக் கிடந்தாலும் கரித்தூள் என்றுதான் நினைப்பார்கள். அவனும் அப்படியே நினைத்துத் தாண்டிப் போனான்.

இரண்டடி தள்ளி ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கத்தினான்...

இறந்து கிடந்தவனை அங்கே எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயது. லாரி டயர்களைத் தனியாளாகத் தூக்கி மெஷினில் மாட்டுகிறவன். அந்த உடம்பு இப்போது வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கிக் கிடந்தது. வாயிலிருந்து வழிந்தது காபித் தூளைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. அதற்கு மேல் கொஞ்சம் புதுச் சிவப்பு.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி பத்து. இறங்கியவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. துக்கம் காரணமில்லை. வலது பக்கக் கடைவாய்ப் பல்தான் காரணம்! நான்கு நாட்களாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அரிவாளோடு எதிரே வருகிறவனை மடக்கிப் பிடிக்கிற பெண், பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பாள். அது ஸ்டேஷனுக்கே தெரியும். ஏட்டு ஒருவருக்குத்தான் அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் உண்டு.

"மேடம், நீங்க தலையை ஆட்டுங்க போதும். கேள்வியெல்லாம் நான் கேட்டுக்கறேன்" என்றார் ஏட்டு.

ஒரே பார்வை. அவர் நோட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்.

கேள்வி கேட்கும் வேலையே இல்லாமல் போனது. இறந்தவனின் அண்ணன் அங்கேயே ஃபோர்மேன். கரி படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு இழுத்திருந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"என் தம்பியைக் கொன்னுட்டா மேடம்..."

"யாரு?"

"வேற யாரு? அவன் பொண்டாட்டிதான். கொஞ்சம் கொஞ்சமா வெச்சுக் கொன்னுட்டா."

அவன் சொன்னதன் சுருக்கம் இது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் தம்பி மனைவி திடீரென்று தனிச் சமையல் வைத்தாள். காரம் கிடையாது, புளி கிடையாது. அவள் கட்டிக் கொடுக்கும் டப்பாவைத் தவிர வெளியில் எதையும் தின்னக் கூடாது என்று கட்டளை. அன்றிலிருந்துதான் தம்பி இளைக்க ஆரம்பித்தான். ஆறடி ஆள், பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது.

ஏட்டு எழுதிக்கொண்டே போனார். கேட்கிற யாருக்கும் கதை சரியாகத்தான் இருந்தது.

பத்தே முக்காலுக்கு உடல் ஆஸ்பத்திரிக்குப் போனது. பதினோரு மணிக்கு மணி அடித்தது.

மெஷின் எதுவும் நிற்கவில்லை. மாடியில் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஃபிளாஸ்க். வேலையை நிறுத்தினால் மட்டும் போனவன் திரும்பி வந்துவிடப் போகிறானா என்று காலையிலேயே கேட்டுவிட்டாராம். கேள்வி நியாயமாக இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லையாம்!

பெரிய டீ கேன் ஒன்று தள்ளுவண்டியில் வந்தது. ஆட்கள் எனாமல் மக்குகளோடு வரிசையில் நின்றார்கள். முதுகில் கை வைத்துக்கொண்டு சிலர், முட்டியைத் தேய்த்துக்கொண்டு சிலர். நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஒரு மக்கை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ஒரு கிரீஸ் போட்டுட்டுப் போங்கம்மா."

"கிரீஸா?"

"பதினோரு மணி டீக்கு இங்க அதான் பேரு. ஒரு மக் உள்ளே போச்சுன்னா முட்டி, முதுகு எல்லாம் சத்தமில்லாம சுத்தும். ஆறு மாசமா இதுலதான் வண்டி ஓடுது."

ஃபோர்மேன் அழுகையை நிறுத்திவிட்டு வேகமாக வந்தான். "அந்த டீ வேண்டாம் மேடம். உங்களுக்குக் கடையிலேர்ந்து நல்ல டீயா வாங்கிட்டு வரச் சொல்றேன்."

தம்பி செத்துக் கிடக்கும்போதும் உபசாரத்தை மறக்கவில்லையே என்று இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகிவிட்டது. பரவாயில்லை என்று கை காட்டிவிட்டு, இடது பக்கமாகவே உறிஞ்சிக் குடித்தாள். இஞ்சி. வாய் கூசும் அளவுக்குச் சர்க்கரை. அடியில் எங்கேயோ ஒரு கசப்பு. தொழிற்சாலை டீ வேறு எப்படி இருக்கும்?

பன்னிரண்டு மணிக்கு ஜீப்பில் திரும்பும்போது ஏட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"மேடம்... நீங்க பேசறீங்க!"

உண்மைதான். பத்து நிமிஷமாக டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். வலி இல்லை.

"பல்லு பயந்து போச்சு" என்றாள்.

*

மறுநாள் காலை. சவ அறை டாக்டர் குள்ளமான மனிதர். எதையும் தமாஷாகச் சொல்வார். சிரிக்க மாட்டார்.

"டயர்காரன்தானே? உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ட்யூப்ல பஞ்சர். ஒண்ணு இல்லை, நாலு இடம். அதுல ஒண்ணு ரத்தக் குழாயையே அரிச்சிருக்கு. வயிறு பூரா ரத்தம். குடல்ல பூரா பழைய ரத்தம், தார் மாதிரி. இன்னிக்கு நேத்து ஒழுகினது இல்லை, ஒரு மாசமாவது ஒழுகியிருக்கு."

விஷமா என்று கேட்டாள்.

"சோதனைக்கு அனுப்பியிருக்கேன். ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆகும். ஆனா இந்த மாதிரி வயித்தை நான் நிறையப் பார்த்திருக்கேன். வலி மாத்திரை! முட்டி வலி, முதுகு வலின்னு கடையில வாங்கிப் போடறாங்களே, அதேதான். வயித்துக்குள்ளே ஒரு வழவழப்பான பூச்சு இருக்கும். வயித்து அமிலம் வயித்தையே தின்னாம காப்பாத்தறது அதுதான். மாத்திரை அந்தப் பூச்சைக் குறைச்சிடும். கொடுமை என்னன்னா, புண்ணு வலிச்சாலும் அந்த வலியையும் அதே மாத்திரை அமுக்கிடும். திருடனே காவலுக்கு நிக்கிற மாதிரி. ஆளு டயர் தூக்கிட்டே இருப்பான், உள்ளே ஒழுகிட்டே இருக்கும்."

"அப்ப மாத்திரையாலதான் செத்தானா?"

"மாத்திரை போட்டிருந்தான்னா ஆமாம். போடலைன்னா, வேற யாரோ எதையோ உள்ளே அனுப்பியிருக்காங்க. அது உங்க வேலை."

அந்த வேலை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

நெட்டையின் மனைவி தையல்காரி. துணியை மட்டுமல்ல, பேச்சையும் அளவெடுத்துத்தான் வெட்டுவாள். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

முன்பெல்லாம் தொழிற்சாலையில் காலையும் சாயங்காலமும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் வலி மாத்திரை கொடுப்பார்களாம், மிட்டாய் மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்னால் தொழிலாளர் துறை ஆபீசர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். டாக்டர் சீட்டில்லாமல் இனிமேல் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். அதற்கு மூன்று மாதம் கழித்து நெட்டைக்கு வயிறு எரிந்தது. டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுப் புண் இருக்கிறது என்றார். ஆறுவதற்கு மருந்து கொடுத்தார். சீட்டில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடும் போட்டார்: வலி மாத்திரை கூடவே கூடாது.

சீட்டை மேஜை மேல் விரித்து வைத்தாள். நான்காக மடித்த மடிப்பு கிழியாமல் இருந்தது.

"அன்னியிலேர்ந்து ஒரு மாத்திரை போடலை. துணி துவைக்கும்போது பாக்கெட்டையெல்லாம் திருப்பிப் பார்ப்பேன். காரம் ஆகாதுன்னுதான் தனியா சமைச்சேன்."

"உங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு இந்தச் சீட்டு விஷயம் தெரியுமா?"

"இவரே காட்டினார். லேசான வேலைக்கு மாத்திவிடுன்னு கேட்டார். பார்க்கலாம்னாராம்."

"வெளிக்குக் கறுப்பாப் போகுதுன்னு ஏதாவது சொன்னாரா?"

முதல் முறையாக அவள் குரல் நடுங்கியது.

"போன மாசமே சொன்னார். டாக்டர்கிட்ட போலாம்னேன். கரி வேலை செய்யறவனுக்கு வேற என்ன கலர்ல போகும்னு சிரிச்சார். அங்க எல்லாருமே அப்படித்தான் பேசிக்குவாங்களாம். எச்சில் துப்பினாலும் கறுப்பு, மூக்கு சிந்தினாலும் கறுப்பு... இதுவும் கறுப்புன்னு விட்டுட்டார்."

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் மறுபடியும் தொழிற்சாலைக்குப் போனாள். நெட்டையின் அலமாரியில் மாத்திரை அட்டை ஏதாவது கிடைக்காதா என்று துணி துணியாக உதறிப் பார்த்தாள். கிடைத்தது ஒரு சீப்பும் மனைவியின் போட்டோவும்தான். அவன் கூட வேலை செய்தவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் மாத்திரை நீட்டினாலும் வேண்டாம் என்பானாம். வீட்டில் மேலதிகாரி உத்தரவு என்பானாம்.

நரைத்த மீசைக்காரர் இன்றும் மக்கை நீட்டினார். இன்றும் குடித்தாள். ஃபோர்மேன் ஒரு அலமாரியைத் திறந்து பெரிய டப்பாவிலிருந்து சர்க்கரையைக் கேனில் போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதைப் பார்த்தாள். விட்டால் சர்க்கரையை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். தம்பி செத்த மறுநாளும் சர்க்கரைக் கணக்கா என்று லேசாக எரிச்சல் வந்தது. அதோடு மறந்துவிட்டாள்.

முதலாளியிடமும் ஐந்து நிமிஷம் பேசினாள். நல்ல தொழிலாளி, பெரிய இழப்பு, குடும்பப் பிரச்சினை என்று மூன்று வார்த்தை சொன்னார். ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். போன வருஷம் வயிற்றில் ஆபரேஷனாம். டீ, காபி எதுவும் தொடுவதில்லையாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, நேற்றைப் போலவே, பல் மறுபடியும் ஆரம்பித்தது.

கூடவே ஃபோர்மேனும் வந்தான். கையில் ஒரு பை. பைக்குள் பாதி காலியான எலி மருந்து டப்பா. தம்பி மனைவி தனியாகச் சமைக்கிற இடத்துப் பரணில் இருந்ததாம். எலி மருந்தில் சிலது ரத்தத்தை உறைய விடாது என்று டாக்டர் போனில் சொன்னார். இன்ஸ்பெக்டரின் மேலதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நெட்டையின் மனைவியைக் கோர்ட்டில் நிறுத்தி உள்ளே அனுப்ப வேண்டும் என்றார். ரிப்போர்ட் வரும்போது வரட்டும் என்றார்.

மூன்று வாரம் ஜெயில். அதற்கப்புறம் அவள் நிரபராதி என்று காகிதம் வந்தாலும், புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்ற பெயர் போகாது. அவளிடம் இனி யார் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள்?

ஏட்டுக்கே பொறுக்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "ஏம்மா, அவர் உனக்குத் தெரியாம மாத்திரை போட்டிருப்பார்னு ஒரு வார்த்தை சொல்லேன். கேஸ் அதோட முடிஞ்சிடும். வீட்டுக்குப் போயிடலாம்."

"அவர் போடலை."

"நீ கூடவே இருந்து பார்த்தியா?"

"என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினார்." அவள் நிமிர்ந்தாள். "செத்துப் போனவரைப் பொய்யர்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போகணுமா?"

ஏட்டு எழுந்து வெளியே போய்விட்டார். உண்மையைச் சொல்லியே ஒரு பெண் மாட்டிக்கொள்வதை அவர் முப்பது வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை.

*

மூன்றாம் நாள் காலை. கன்னம் கிச்சிலிப்பழம் சைஸுக்கு வீங்கிவிட்டது. ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றாள்.

கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டினாள்.

"பல் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் இதை ஒண்ணு போடுங்க. வெறும் வயித்துல மட்டும் போடாதீங்க, வயித்தை அரிச்சிடும். முக்கால் மணி நேரத்துல வலி நிக்கும். ஒரு அஞ்சாறு மணி நேரம் தாங்கும். அப்புறம் திரும்ப வரும்."

"ம்..."

"ஆறு நாளா வலிக்குதுங்கறீங்க. இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லையே."

"அப்ப இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் மூடவில்லை.

முந்தாநாள் பதினோரு மணிக்கு டீ. முக்கால் மணி நேரத்தில் வலி போனது. ஐந்து மணிக்குத் திரும்பியது. நேற்று பதினோரு மணிக்கு டீ. முக்கால் மணி நேரத்தில் வலி போனது. ஐந்து மணிக்குத் திரும்பியது.

அவள் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை.

நெட்டையும் போடவில்லை!

'ஒரு கிரீஸ் போட்டுட்டுப் போங்கம்மா...'

'ஆறு மாசமா இதுலதான் வண்டி ஓடுது...'

ஆறு மாதம். ஆபீசர் வந்து மாத்திரைப் பெட்டியை மூடியது எப்போது? அதே ஆறு மாதம்!

பூட்டின அலமாரி. சர்க்கரை டப்பா. 'அந்த டீ வேண்டாம் மேடம்...'

உபசாரமாம், உபசாரம். தன் மனசு இளகியதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மாத்திரையைப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினாள்.

பதினோரு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். கேனும் சர்க்கரை டப்பாவும் சீல் வைக்கப்பட்டன. சர்க்கரையை விரலால் கிளறியபோது வெள்ளைப் பொடி தனியாகத் தெரிந்தது. சோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கும் மூன்று வாரம் ஆகும். கோர்ட்டுக்கு ஐந்து மணி வரைதான் நேரம்.

அலமாரி பூட்டு ஒன்று, சாவி இரண்டு. ஃபோர்மேனிடம் ஒன்று, முதலாளியின் மேஜையில் ஒன்று. யாரோ எனக்குத் தெரியாமல் கலந்திருக்கிறார்கள் என்று ஃபோர்மேன் சொன்னான். அந்த 'யாரோ'வாகத் தம்பி மனைவி இருந்தாலும் ஆச்சரியமில்லை, வாரம் ஒரு முறை சாப்பாட்டு டப்பா கொடுக்க உள்ளே வருவாள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. நாம் பேசலாம் வாருங்கள் என்று அவனை மாடிக்கு, முதலாளியின் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனாள். போகிற வழியில் ஜீப்பிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து ஏட்டிடம் கொடுத்தாள். தொழிற்சாலை மக் ஒன்றில் விளிம்பு வரை ஊற்றச் சொன்னாள்.

மக் முதலாளியின் முன்னால் வைக்கப்பட்டது. ஆவி பறந்தது. இஞ்சி வாசனை வந்தது.

"உங்க கேன் டீதான் சார். சீல் வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து வெச்சேன்" என்றாள். "இதுல ஏதோ இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். இல்லைன்னு நீங்க நினைச்சா ஒரு வாய் குடிங்க. என் சந்தேகம் போயிடும். நான் கீழே இறங்கிப் போயிடறேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். கீழே ஐம்பது பேர் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் தொழிலாளிங்க குடிக்கிற டீ. அதுல என்னம்மா இருக்கப் போகுது?"

மக்கைத் தூக்கினார்.

ஃபோர்மேன் ஓரடி முன்னால் வந்தான்.

மக் உதட்டுக்குப் போனது...

"ஐயா! வேண்டாங்கய்யா, குடிக்காதீங்க! மாத்திரை கலந்திருக்கு... உங்க வயிறு தாங்காது!"

முதலாளி மக்கை மெல்லக் கீழே வைத்தார். ஃபோர்மேன் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டான். வார்த்தை போன பிறகு பொத்தி என்ன பிரயோஜனம்?

"நான் 'ஏதோ'ன்னுதான் சொன்னேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "மாத்திரைன்னு சொல்லலையே."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கொல்லணும்னு பண்ணலை மேடம். மாத்திரையை நிறுத்தினதும் ஆளுங்க மணிக்கு ஒரு தடவை முதுகைப் பிடிச்சுட்டு உட்கார ஆரம்பிச்சுட்டாங்க. வேலை பாதியா குறைஞ்சுது. டீயில போட்டதும் எல்லாம் சரியாச்சு. அவங்களும் சந்தோஷமாத்தான் குடிச்சாங்க."

"உங்க தம்பிக்குப் புண்ணு இருக்குன்னு சீட்டைப் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அவன் தினமும் உங்க கண்ணு முன்னாடி இதைக் குடிச்சான்."

"குடிச்சான்."

"ஒரு நாள்... ஒரே ஒரு நாள், குடிக்காதேடான்னு சொல்லக் கூடாதா?"

ஃபோர்மேன் நெற்றியில் அறைந்துகொண்டான். "ஏன்னு கேட்பானே மேடம்! சொன்னா பொண்டாட்டிகிட்ட சொல்லுவான். அவ சும்மா விடுவாளா? நேரா அந்த ஆபீசர்கிட்ட போய் நிப்பா. டீயில எவ்வளவு இருந்துடப் போகுது, அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்..."

"முதலாளிக்கு ஒரு வாய்னதும் உங்களுக்குப் பதறுது. தம்பிக்கு மூணு மாசம் பதறலை."

அவன் அழுதான். இந்த முறை அழுகை நிஜமாக இருந்தது. யாருக்கும் உபயோகப்படாத நேரத்தில் வந்த நிஜம்.

முதலாளி தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் பெரிய வருத்தம் வந்து உட்கார்ந்திருந்தது.

"பாவி! சொந்தத் தம்பியையே... இன்ஸ்பெக்டர், இதெல்லாம் எனக்குச் சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்த டீயை நான் குடிச்சிருப்பேனா? உங்க எதிர்லதானே குடிச்சேன்?"

இன்ஸ்பெக்டர் மக்கைத் தன் பக்கம் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். ஏட்டையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

விளிம்பு வரை டீ!

ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"ஏட்டு விளிம்பு வரைக்கும் ஊத்தினார். அப்படியே இருக்கு" என்றாள். "வயிறு ஆகாது, குடிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் சார். குடிச்ச மாதிரி ஏன் நடிச்சீங்க?"

முதலாளியின் கை தானாகத் தன் ஃபிளாஸ்க்கைத் தேடியது.

தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்து மக்கை எட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். இவருக்காகவா வாயைத் திறந்தோம் என்பது அவன் முகத்தில் மெல்ல எழுதப்பட்டது.

"இவர்தான் மேடம் வழி சொன்னார்" என்றான். "பெட்டியிலேர்ந்து குடுக்கக் கூடாதுன்னுதானே ஆபீசர் எழுதி வாங்கினாரு, கேன்ல போடக் கூடாதுன்னு எழுதலையேன்னு சொன்னார். டப்பா டப்பாவா மாத்திரை இவர் கார்லதான் வந்துச்சு."

"நான் அதைத் தமாஷுக்குச் சொன்னேன்!"

"சிரிச்சுட்டு வாங்க. கீழே ஜீப் நிக்குது" என்றாள் இன்ஸ்பெக்டர்.

படியிறங்கும்போது ஐம்பது பேரும் வழிவிட்டு நின்றார்கள். நரைத்த மீசைக்காரர் தன் காலி மக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார்:

"உனக்கும் கறுப்பாத்தானே போகுது?"

அன்று மத்தியானம் தொழிற்சாலை மொத்தமும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றது. ஏழு பேரை உடனே படுக்க வைத்தார்கள்.

*

சாயங்காலம் நாலே முக்கால். ஐந்து மணிக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டியவளிடம் அவளுடைய செருப்பையும் பையையும் திருப்பிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள்.

"அப்ப அவர் சத்தியம் பண்ணினது பொய்யில்லை" என்றாள் தையல்காரி.

"பொய்யில்லைம்மா."

அவள் டாக்டர் சீட்டை மறுபடி நான்காக மடித்தாள். பாதி மடிப்பில் கை நின்றது.

"பதினோரு மணி டீ குடிச்சா வலியே தெரியலைன்னு சொல்வார். மாத்திரைக்கு இது எவ்வளவோ தேவலைன்னு நான் நினைச்சேன்." குரல் அளவு தப்பியது. "ரொம்ப வலிச்சா இன்னொரு மக் வாங்கிக் குடிங்கன்னு... தினமும் நான்தான்மா சொல்லி அனுப்புவேன்."

இன்ஸ்பெக்டர் தெரு முனை வரை கூடவே நடந்து போய் அவளை அனுப்பிவிட்டு வந்தாள். சட்டத்தில் இரண்டு பேரை உள்ளே போட வழி இருந்தது. இவளை இதிலிருந்து வெளியே கொண்டு வர எந்தச் செக்‌ஷனும் இல்லை.

திரும்பி வந்தபோது ஏட்டு வெளிறிப்போய் நின்றார். வயிற்றில் ஒரு கை.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மக்ல இருந்த டீ... வீணாப் போகுதேன்னு நான் குடிச்சுட்டேன். ஃபிளாஸ்க்ல மிச்சம் இருந்ததையும் சேர்த்து. எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. கேன் டீயை நான் தொடவே இல்லை. அது நம்ம ஸ்டேஷன் எதிர்க் கடை டீ."

"நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?"

இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"காலையில அதே டீயை நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன் ஏட்டு... பல்லு இன்னும் உயிர் போற மாதிரி வலிக்குதே, அதைவிட என்ன சாட்சி வேணும்?"